வாடகையே ட்யூவைக் கட்டிவிடுமா? வாடகைக்கு விட முதல் வீடு வாங்குகிறவர்களுக்கு

என் தங்கை மகனுக்கு 29 வயது. சிறுசேரியில் வேலை. தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவன், காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் விஷயத்துக்கு வந்துவிட்டான்.

"மாமா, மேடவாக்கத்துல ஒரு டூ பெட்ரூம் பாத்திருக்கேன். அம்பது லட்சம் சொல்றாங்க. பதினாறாயிரம் வாடகை வருமாம். வாடகையே ட்யூவக் கட்டிடும், நாம சும்மா பேர் எழுதிக்க வேண்டியதுதான்னு புரோக்கர் சொல்றாரு."

சுவரில் தொங்கிய பழைய காலண்டரில் ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்து, பின்பக்கம் கணக்கு எழுதச் சொன்னேன். அன்று அவன் எழுதியதும், ஒரு ஃப்ளாட்டையும் ஒரு மாடி போர்ஷனையும் வாடகைக்கு விட்டு நான் பட்டதும் சேர்ந்ததுதான் இந்தக் கட்டுரை. தொகைகள் எங்கள் பக்கத்துக்கு ஏற்ற உத்தேசம். உங்கள் ஊர்த் தொகையைப் போட்டு இதே வரிசையில் எழுதிப் பாருங்கள்.

முதலில் வீட்டின் உண்மையான விலை. பத்து வருடப் பழசு, மறுவிற்பனை, 50 லட்சம். தமிழ்நாட்டில் மறுவிற்பனை வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். இரண்டும் சேர்ந்து 4.5 லட்சம். புரோக்கர் கமிஷன் ஒரு சதவீதம் என்றால் 50 ஆயிரம். பெயின்ட், பிளம்பிங், சமையலறை அலமாரி, இரண்டு கீசர் என்று கைவைத்தால் ஒன்றரை லட்சம் போய்விடும். 50 லட்சத்து வீடு 56.5 லட்சம் ஆகிவிட்டது.

கடன் 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சத்துக்குள் இருந்தால், வீட்டின் மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் வங்கி தரக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. பதிவுச் செலவை அந்த மதிப்பில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். எனவே கடன் 40 லட்சம்தான். மிச்சம் 16.5 லட்சம் கையிலிருந்து போட வேண்டும். "முழுசும் லோன் ஆயிடும் சார்" என்று யாராவது சொன்னால், அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடலாம்.

அடுத்தது வாடகை. மாதம் 16,000 என்றால் வருடத்துக்கு 1,92,000. இது பேச்சுக்கு. கைக்கு வருவது எவ்வளவு? சொத்து வரி வருடத்துக்கு 5,000 என்று வைத்தோம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுவார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு மாதம் வீடு பூட்டிக் கிடக்கும். வருடக் கணக்கில் 8,000. ஆள் மாறும்போது பெயின்ட் அடிக்க 25,000, வருடத்துக்கு 12,500. புது ஆளைக் கொண்டுவர புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, வருடத்துக்கு 8,000. மோட்டார், குழாய், தாழ்ப்பாள், கீசர் காயில் என்று சில்லறை ரிப்பேர் 10,000. எல்லாம் போக நிற்பது 1,48,500. மாதத்துக்கு 12,375.

"ட்யூ எவ்வளவுடா?" என்றேன். 40 லட்சம், 8.5 சதவீத வட்டி, 20 வருடம். செல்போனில் தட்டிப் பார்த்தான். 34,700 சொச்சம்.

காலண்டர் தாளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். மாதாமாதம் 22,000 ரூபாய்க்கு மேல் சம்பளத்திலிருந்து போட வேண்டும். வாடகையை வருடத்துக்கு 5 சதவீதம் ஏற்றிக்கொண்டே போனாலும், செலவும் அதே அளவு ஏறும் என்று வைத்தால், செலவு போக நிற்கும் தொகை 34,700-ஐத் தொட 21 வருடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் கடனே முடிந்துவிடும்.

போட்ட 56.5 லட்சத்துக்கு நிகர வரவு 2.6 சதவீதம். வங்கி வைப்பில் போட்டாலே இதைவிட இரண்டு மடங்குக்கு மேல் வரும். வாடகை வீட்டில் இறங்குகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய சொல் இந்த 'நிகர வாடகை வரவு'தான். வருட வாடகையிலிருந்து செலவையெல்லாம் கழித்து, வீட்டுக்காக மொத்தம் போட்ட பணத்தால் வகுத்து, நூறால் பெருக்க வேண்டும். புரோக்கர் சொல்வது எப்போதும் கழிக்காத கணக்காகத்தான் இருக்கும்.

"டாக்ஸ்ல கொஞ்சம் மிச்சமாகுமே, மாமா?" என்றான். நியாயமான கேள்வி. வாடகை வருமானத்துக்கு வரி போடும் முறை மற்ற வருமானங்களுக்குப் போடுவது போல இல்லை. வந்த வாடகையில் நீங்கள் கட்டிய சொத்து வரியைக் கழிப்பார்கள். மீதியில் 30 சதவீதத்தைப் பராமரிப்புக்கென்று அப்படியே கழித்துவிடுவார்கள். நீங்கள் ஒரு பைசா செலவழிக்காவிட்டாலும் அதே 30, ஒரு லட்சம் செலவழித்திருந்தாலும் அதே 30. பெயின்ட் பில்லைப் பத்திரப்படுத்தி வருமான வரிக்குக் காட்டலாம் என்று நினைக்காதீர்கள், அதற்கு இடமில்லை. பிறகு கடன் வட்டியைக் கழிக்கலாம். வாடகைக்கு விட்ட வீடு என்றால் வட்டிக்கு உச்சவரம்பு கிடையாது.

எங்கள் கணக்கில் 1,92,000-த்தில் சொத்து வரி 5,000 போக 1,87,000. 30 சதவீதம் போக 1,30,900. முதல் வருட வட்டி மட்டும் 3,37,000 அளவில் வரும். ஆக 'வீட்டு வருமானம்' என்ற தலைப்பில் இரண்டு லட்சத்துக்குச் சற்று மேல் நஷ்டம். பழைய வரி முறையில் இருப்பவர் இந்த நஷ்டத்தில் 2 லட்சம் வரை சம்பளத்தோடு கழித்துக்கொள்ளலாம். 30 சதவீத வரி கட்டுகிறவருக்கு, வரி மேல் போடும் 4 சதவீத செஸ்ஸும் சேர்த்து, வருடத்துக்கு 62,400 ரூபாய் மிச்சம். புதிய வரி முறையில் அந்த வழி அடைபட்டிருக்கிறது. வட்டியை வாடகையில் கழிக்கலாம். அதற்கு மேல் வரும் நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. எங்கள் பையன் போன வருடமே புதிய முறைக்கு மாறிவிட்டான்.

அப்படியானால் ஊரில் இத்தனை பேர் ஏன் வாங்கிக்கொண்டே இருக்கிறார்கள்? நிலத்துக்காக. கட்டடம் வருடா வருடம் தேயும், நிலம் தேயாது. ஃப்ளாட் வாங்கும்போது உங்கள் பெயருக்கு வரும் நிலம் எவ்வளவு என்பதை 'பிரிக்கப்படாத பாகம்' என்று பத்திரத்தில் எழுதியிருப்பார்கள். யு.டி.எஸ். என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். 900 சதுர அடி ஃப்ளாட்டில் ஒருவருக்கு 450 சதுர அடி நிலம் இருக்கும், பதினான்கு மாடிக் கட்டடத்தில் இன்னொருவருக்கு 250 கூட இருக்காது. நீச்சல் குளமும் ஜிம்மும் இருக்கும் இரண்டாவது வீட்டைப் பார்த்துத்தான் மனம் மயங்கும். 25 வருடம் கழித்துக் கட்டடத்தை இடித்துக் கட்டும் பேச்சு வரும்போது விலை பேசப்படுவது அந்த 450-க்கும் 250-க்கும்தான். விற்கிறவரிடம் நான் முதலில் கேட்பது யு.டி.எஸ். எவ்வளவு என்று. பதில் சொல்ல இழுத்தால் அந்த வீடு எனக்கு வேண்டாம்.

அப்புறம் விற்கும்போது வரி ஒன்று இருக்கிறது. இப்போது வாங்கி 24 மாதத்துக்குப் பிறகு விற்றால் லாபத்துக்கு 12.5 சதவீதம், 2024 ஜூலை 23 முதல் வாங்கிய வீட்டுக்கு விலைவாசி உயர்வைக் கழித்துக்கொள்ளும் பழைய சலுகை கிடையாது.

இனி என் சொந்த அபிப்பிராயம். இதில் எல்லோரும் என்னோடு ஒத்துப்போக மாட்டார்கள். முதல் வாடகை வீட்டை மேடவாக்கத்திலோ நாவலூரிலோ தேடுவதற்கு முன், உங்கள் மொட்டை மாடிக்கு ஏறிப் பாருங்கள். சொந்தத் தரை வீடு இருப்பவர்கள், அப்பா அம்மா கட்டிய வீடு இருப்பவர்கள், இந்த ஒரு விஷயத்தைத் தாண்டிப் போய் எங்கெங்கோ கடன் வாங்குகிறார்கள்.

என் தங்கை வீடு தாம்பரம் பக்கம், தரைத்தளம் மட்டும். அதன் மேல் 600 சதுர அடியில் ஒரு போர்ஷன் எடுக்க, சதுர அடிக்கு 2,300 என்று மேஸ்திரி சொன்னார். 13.8 லட்சம். வெளியே தனிப் படிக்கட்டு, தனி மின் இணைப்பு, தண்ணீர் தொட்டி எல்லாம் சேர்த்து 15 லட்சம் என்று வைத்தோம். அந்தத் தெருவில் அப்படிப்பட்ட வீட்டுக்கு 9,000 வாடகை. செலவு கழிக்காமல் பார்த்தால் 7.2 சதவீதம். ஃப்ளாட்டுக்கு இதே மாதிரிக் கழிக்காமல் பார்த்தால் 3.4. வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? நிலத்துக்குப் புதிதாகப் பணம் போடவில்லை, பத்திரச் செலவு இல்லை. 10 லட்சம் கடனை 15 வருடத்துக்கு எடுத்தால் ட்யூ 9,850. புரோக்கர் சொன்ன அந்த வாக்கியம் இங்கேதான் ஏறக்குறைய உண்மையாகிறது.

ஆனால் அஸ்திவாரம் மாடியைத் தாங்குமா என்று கட்டடப் பொறியாளர் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். மேஸ்திரி காலால் தட்டிப் பார்த்து "தாங்கும் சார்" என்பது போதாது. திட்ட அனுமதி வாங்க வேண்டும். சொத்து வரி கூடும். மாடியில் இருப்பவரின் பால்காரரும் நண்பர்களும் உங்கள் வாசல் வழியே போவார்கள். படிக்கட்டை வெளியே வையுங்கள் என்று சொல்வது அதனால்தான்.

இதே யோசனையை இன்னும் விரித்தால் லைன் வீடுகள். திருப்பூரில் பனியன் கம்பெனித் தொழிலாளர்களுக்கென்று ஒரே வரிசையில் ஏழெட்டு அறைகள் கட்டி விட்டிருப்பார்கள். சதுர அடிக் கணக்கில் அங்கே கிடைக்கும் வாடகை பெரிய ஃப்ளாட்டைவிட அதிகம். ஆனால் பொதுக் கழிப்பறை, குழாயடிச் சண்டை, ஆர்டர் குறைந்தால் ஊருக்குப் போய்விடும் ஆட்கள் என்று அது முழுநேர வேலை. பக்கத்திலேயே குடியிருந்தால் மட்டும் செய்யுங்கள்.

எல்லாம் கேட்ட பிறகும் ஃப்ளாட்தான் என்றால், வீட்டைக் குடியிருக்க வருபவரின் கண்ணால் பார்க்கப் பழகுங்கள். சென்னையில் வீடு பார்க்க வரும் பெண்மணி ஹாலைப் பார்க்க மாட்டார். நேரே குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறப்பார். தண்ணீரைக் கையில் பிடித்து முகர்ந்து பார்ப்பார். டைல்ஸில் குழாய்க்குக் கீழே மஞ்சள் கோடு இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்; இருந்தால் போர் தண்ணீரில் இரும்பு அதிகம், துணி வெளுக்காது என்று அவருக்குத் தெரியும். "மெட்ரோ வாட்டர் வருதா, லாரியா?" என்பது அடுத்த கேள்வி. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு கிடந்ததைப் பார்த்தவர்கள் இந்தக் கேள்வியை விடவே மாட்டார்கள். நீங்களும் வாங்கும் முன் கேளுங்கள். குடியிருப்போர் சங்கத்தின் போன கோடைக் கணக்கை வாங்கிப் பார்த்தால் லாரித் தண்ணீருக்கு எவ்வளவு போயிருக்கிறது என்று தெரிந்துவிடும். அந்தத் தொகை கடைசியில் உங்கள் வாடகையில்தான் விழும்.

தண்ணீர் இல்லாதது ஒரு பிரச்சினை என்றால் அதிகமாக வருவது இன்னொன்று. தெருமுனை டீக்கடையில் கேளுங்கள்: "2015 டிசம்பர்ல இங்க எதுவரைக்கும் வந்துச்சு? மிக்ஜாம் புயலப்போ?" முடிச்சூரிலும் வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் இதற்குத் தெருத் தெருவாக வேறு வேறு பதில் கிடைக்கும். ஒரு தெரு தள்ளி இருந்தால் ஒரு சொட்டு ஏறியிருக்காது. புரோக்கருக்கு எந்த வருடமும் எந்தத் தெருவிலும் தண்ணீர் வந்த ஞாபகம் இருக்காது.

குடியிருக்க வருபவர் எங்கே வேலைக்குப் போவார் என்பதும் முக்கியம். ஒரே வகை வேலையை நம்பிய இடம் ஆபத்து. 2020-ல் ஐ.டி. ஆட்கள் மடிக்கணினியோடு சொந்த ஊருக்குப் போனபோது பழைய மகாபலிபுரம் சாலையில் 'டு லெட்' அட்டைகள் வெயிலில் வெளுத்துப்போகும் வரை தொங்கின. பள்ளி, ஆஸ்பத்திரி, ரயில் நிலையம் மூன்றும் நடக்கும் தூரத்தில் இருக்கும் குரோம்பேட்டை மாதிரி இடங்களில் அவ்வளவு அடி விழவில்லை.

என் ஃப்ளாட்டை வாங்கப் போனபோது புதுப் பெயின்ட் வாசனை மூக்கைத் துளைத்தது. சுத்தமாக வைத்திருக்கிறார்களே என்று சந்தோஷப்பட்டேன். பத்திரம் முடிந்து நான்காவது மாதம், ஐப்பசி மழையோடு, குளியலறைக் கூரையில் ஒரு தட்டு அளவு ஈர வட்டம். மாதக் கடைசியில் அது தாம்பாளம் ஆனது. மேல் வீட்டுக் குளியலறைத் தரையில் கசிவு. சரிசெய்ய வேண்டியவர் மேல் வீட்டுக்காரர், அவரோ துபாயில். ஏழு மாதம் போனிலேயே போனது. குடியிருந்த குடும்பம் மூன்றாவது மாதமே "மன்னிச்சுக்குங்க சார், குழந்தைக்கு வீசிங்" என்று சொல்லிக் கிளம்பிவிட்டது. அதிலிருந்து ஒன்று கற்றுக்கொண்டேன். ஒரு சுவருக்கு மட்டும், ஒரு கூரைக்கு மட்டும் பெயின்ட் புதிதாக இருந்தால், மேல் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுத்தான் அட்வான்ஸ் கொடுக்க வேண்டும்.

பத்திர விஷயத்தில் நான் அதிகம் சொல்லப் போவதில்லை, அது வக்கீல் வேலை. தாய்ப் பத்திரம், 30 வருட வில்லங்கச் சான்றிதழ், பட்டா, கட்டட அனுமதி தரும் அரசு அமைப்புகளான சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி. அனுமதித்த வரைபடம், புதுக் கட்டடம் என்றால் ரெரா (வீட்டுமனை ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண். வரைபடத்தில் மூன்று மாடி, கட்டியிருப்பது நான்கு என்றால், அந்த நான்காவது மாடி எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். வங்கிக்காரர் பார்த்து ஓகே சொல்லிவிட்டார் என்று விட்டுவிடாதீர்கள். அவர் பார்ப்பது வங்கியின் பணத்துக்காக, உங்கள் 16.5 லட்சத்துக்காக நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

வீடு கைக்கு வந்ததும் சில பேர் "லீஸுக்கு விடுறீங்களா?" என்று கேட்பார்கள். ஒத்தி, போக்கியம் என்று ஊருக்கு ஒரு பெயர். மொத்தமாக 10 லட்சம் கொடுத்துவிட்டு மூன்று வருடம் வாடகையில்லாமல் இருப்பார்கள். போகும்போது 10 லட்சத்தையும் அப்படியே திருப்பித் தர வேண்டும். கையில் கட்டுப் பணம் வரும்போது இனிக்கும். கணக்கு வேறு. நீங்கள் விட்டுக்கொடுப்பது வருடம் 1,92,000 வாடகை. 10 லட்சத்துக்கு 19 சதவீத வட்டி கட்டிக் கடன் வாங்கியதற்கு இது சமம். நகையை வங்கியில் அடகு வைத்தால்கூட அவ்வளவு ஆகாது. அந்தப் பணத்தைக் கல்யாணத்துக்குச் செலவழித்துவிட்டு, திருப்பித் தர இன்னொரு லீஸ் ஆளைத் தேடி அலையும் வீட்டுக்காரர்களை எனக்குத் தெரியும்.

அட்வான்ஸும் அதே கதைதான். சென்னையில் பத்து மாத வாடகை வாங்குவது நெடுநாள் வழக்கம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரை மூன்று மாத வாடகைதான் என்கிறது. எத்தனை மாதம் வாங்கினாலும் அதைத் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். "புது ஆள் வந்ததும் அவர் அட்வான்ஸ வாங்கித் தரேன்" என்று சொல்லும் நிலைக்குப் போகாதீர்கள். வாடகைக்கு இருந்த காலத்தில் எனக்கு அப்படிச் சொன்னவரை நான் இன்னும் மறக்கவில்லை.

அதே சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவும் வேண்டும். இதற்கென்று அரசின் இணையதளம் இருக்கிறது. நிறையப் பேர் இன்னும் 11 மாதத்துக்கு முத்திரைத்தாளில் எழுதிப் பீரோவில் வைத்துக்கொள்கிறார்கள். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும் என்ற பழைய பதிவுச் சட்டத்துக்குப் பயந்து வந்த பழக்கம் அது. தகராறு வந்து வாடகை நீதிமன்றத்துக்குப் போகும் நாளில் பீரோ ஒப்பந்தம் உதவாது.

ஆள் பிடிக்கும் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். சைவம் மட்டும், பேச்சிலர் கூடாது, இன்ன ஆட்கள் கூடாது என்று சல்லடை போடும் வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். அது சரியில்லை என்பது இருக்கட்டும், கணக்கும் சரியில்லை. ஒவ்வொரு மாதம் வீடு பூட்டிக் கிடக்கும்போதும் வருட வாடகையில் எட்டு சதவீதம் போகிறது. நான் கேட்பது மூன்றே கேள்வி: எங்கே வேலை, இதற்கு முன் எங்கே இருந்தீர்கள், அந்த வீட்டுக்காரர் நம்பர் கிடைக்குமா? மூன்றாவதற்குத் தயங்காமல் பதில் சொன்னவர்கள் எவரும் என்னிடம் வாடகை பாக்கி வைத்ததில்லை.

வெளிநாட்டில் இருந்துகொண்டு இங்கே வீடு வாங்கி விடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டுக்காரர் வெளிநாட்டுவாழ் இந்தியர் என்றால், குடியிருப்பவர் வாடகையில் 30 சதவீதமும் அதற்கு மேல் செஸ்ஸும் வரியாகப் பிடித்து அரசுக்குக் கட்டிவிட்டுத்தான் மிச்சத்தை அனுப்ப வேண்டும். பாதிப் பேருக்கு இது தெரிவதில்லை. குடியிருப்பவர் பெயரில் நோட்டீஸ் வரும்போதுதான் தெரிகிறது. ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

எங்கள் பையன் மேடவாக்கம் வீட்டுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. போன வாரம் தங்கை போன் செய்தாள். "அண்ணா, உன் மருமகன் ஒரு இன்ஜினியரக் கூட்டிட்டு வந்து வீட்டச் சுத்திக் குழி தோண்டிட்டிருக்கான். அஸ்திவாரத்தப் பாக்கணுமாம். செம்பருத்திச் செடியெல்லாம் போச்சு."